நடு வரியைப் படிக்காதீர்கள்

வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்று, ஓய்வு பெற்ற பின்னும் அந்த ஓய்வை ஒரு நொடியும் கைவிடாமல், இதோ இந்த மேடையிலும் கண்மூடி வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே. ஆங்கிலம் என்றாலே அலறி ஓடியவர்களை அழைத்து வந்து அமர்த்தி, போட்டித் தேர்வு என்னும் போர்க்களத்துக்குப் படை திரட்டி அனுப்பிவரும் எங்கள் பயிற்சி மையத்தின் நிறுவனர், மாணவர்கள் அன்போடு 'ஷார்ட்கட் சார்' என்று அழைக்கும் ஆசான் அவர்களே. பிள்ளையின் எதிர்காலத்தையும் தங்கள் கைப்பையையும் ஒருசேர மடியில் வைத்துக் காத்திருக்கும் தாய்மார்களே. எப்போது முடியும் என்று வாசலையே பார்த்திருக்கும் தந்தைமார்களே. கேள்வியைக் காணும் முன்பே விடையைக் கண்டுபிடித்துவிடும் கூர்மதி படைத்த இளைஞர்களே, இளம் பெண்களே. இந்த ஒலிபெருக்கியை எப்போது அணைக்கலாம் என்று என்னையும் பொத்தானையும் மாறி மாறிப் பார்க்கும் தம்பி அவர்களே. உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

நான் இங்கே பேச வந்தவன் அல்லன். பேச வேண்டியவர் வராததால் பேசுகிறவன். சிறப்பு விருந்தினர் இன்னும் வந்து சேரவில்லை. சார் என்னை ஓரமாக அழைத்தார். "அண்ணே, மைக்கு சும்மா கிடக்குது. அவர் வர்ற வரைக்கும் எதையாவது பேசிட்டிருங்க. நல்லா இருக்கணும்னு அவசியம் இல்லை" என்றார். அந்த நிபந்தனையை நான் முழுமையாக நிறைவேற்றுவேன் என்று உறுதி கூறுகிறேன்.

இவன் யார், இவனுக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். பயிற்சி மையத்தின் படிக்கட்டுக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். நீங்கள் பயிலும் ஒவ்வொரு வினாத்தாளும், ஒவ்வொரு இலக்கணப் பயிற்சியும், கலைத்துப் போட்ட ஒவ்வொரு வாக்கியமும் முதலில் என் இயந்திரத்தின் வெளிச்சத்தில்தான் குளிக்கிறது. நீங்கள் பார்ப்பதற்கு முன்பே அதை என் இயந்திரம் பார்த்துவிடுகிறது. அதற்கும் ஒன்றும் புரிவதில்லை. ஆனால் ஒன்று, அது தன்னை மையத்தின் முதல் அணி என்று சொல்லிக்கொள்வதில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நான் வெறுங்கையோடு இந்த மேடை ஏறவில்லை. ஒரு காரியத்தோடு ஏறியிருக்கிறேன், அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். விழாவின் முடிவில் சார் முதல் அணியில் யார் யார் என்று அறிவிக்கப் போகிறார். தேர்வு நாள் வரை அந்த அணிக்கு மட்டும்தான் சார் நேரில் நின்று பாடம் நடத்துவார். மற்றவர்களுக்கு மத்தியான வகுப்பு. மத்தியான வகுப்பில் பாடம் நடத்துவது மின்விசிறி. அதுவும் மின்சாரம் இருந்தால்.

என் அக்காள் மகள் இந்த மையத்தில் படிக்கிறாள். அதோ கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை முதல் அணியில் சேர்க்கப் போவதில்லை என்று இன்று காலை சார் என் கடையில் வைத்து என்னிடமே சொன்னார். அவள் மத்தியான வகுப்புக்குப் போனால் இந்த ஆண்டும் தேர்வு கைநழுவும். போன ஆண்டு நழுவியபோதே, அடுத்த தடவையும் இப்படி ஆனால் படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவின் தையல் கடையில் உட்காருகிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள். உட்காரட்டும், தையல் ஒன்றும் தாழ்ந்த தொழில் இல்லை. ஆனால் ஊசியில் நூல் கோக்கத் தெரியாத பெண்ணை அங்கே உட்கார வைத்தால் ஊருக்குத்தான் கஷ்டம்.

அவள் செய்த குற்றம் என்ன? பாடம் படிக்காதவளா? பயிற்சிக்கு வராதவளா? பக்கத்தில் இருப்பவர் விடையைப் பார்த்தவளா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை. அதைவிடப் பெரிய குற்றம். நான் சாரிடம் கேட்டேன்.

"என்ன சார், பிள்ளை நல்லாத்தானே படிக்குது?"

"நல்லாத்தான் படிக்குது. அதுதாங்க பிரச்சினை. ஒரு பத்தியைக் குடுத்தா மேல இருந்து கீழ வரைக்கும் படிக்குது."

"படிக்கக் குடுத்ததைத்தானே சார் படிக்குது?"

"யாருங்க படிக்கக் குடுத்தது? நான் விடை போடக் குடுத்தேன். இதுல பக்கத்துல இருக்கறவங்களுக்கும் அது தொத்திக்குது. நேத்து ஒரு பையன் எங்கிட்ட வந்து, இந்தப் பத்தி எதைப் பத்தி சார்னு கேக்கறான். இத்தனை வருஷத்துல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லைங்க."

பாருங்கள் பெரியோர்களே. காய்ச்சல் தொற்றும், கண்வலி தொற்றும், கொட்டாவி தொற்றும். படிப்பும் தொற்றும் என்பதை நம் காலத்தில் முதன்முதலாகக் கண்டறிந்து, தொற்றியவரைத் தனிமைப்படுத்தவும் ஏற்பாடு செய்தவர் நம் சார் அவர்கள்தான். நீங்களே கை தட்டுங்கள் சார், இது உங்களுக்கான பாராட்டு.

தாய்மார்களுக்கு விளங்கச் சொல்கிறேன். இந்த ஆங்கிலத் தேர்வில் ஒரு பகுதி உண்டு. ஒழுங்காக இருந்த ஒரு பத்தியை எடுத்துக்கொள்வார்கள். துண்டு துண்டாக வெட்டுவார்கள். வெட்டிய துண்டுகளுக்கு பி, க்யூ, ஆர், எஸ் என்று பெயர் சூட்டுவார்கள். குலுக்குவார்கள். குலுக்கியதை நம் பிள்ளைகள் கையில் கொடுத்து, பழையபடி அடுக்கு என்பார்கள். ஒழுங்காக இருந்ததை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்க எவருக்கும் உரிமை கிடையாது. வெட்டுகிறவர் அலுவலகத்தில் அமர்ந்திருக்கிறார். ஒட்டுகிறவர் வாழ்நாளெல்லாம் வரிசையில் நிற்கிறார்.

இதற்கு நம் சார் ஒரு மந்திரம் வைத்திருக்கிறார். மையத்தின் சுவரெங்கும் எழுதி ஒட்டியிருக்கிறார், ஒட்டியதெல்லாம் என் கடையில் எடுத்த பிரதிதான். "முதல் வரியைப் பிடி. கடைசி வரியைப் பிடி. நடு வரியைப் படிக்காதே." 'ஆகவே' என்று ஆரம்பித்தால் அது முதலில் வராது. 'அவன்' என்று ஆரம்பித்தால் அதற்கு முன்னால் ஓர் ஆள் வந்திருக்க வேண்டும். தலையைப் பிடி, வாலைப் பிடி, மற்றதைத் தள்ளு, விடை விழும். உண்மையைச் சொல்கிறேன், விழுகிறது. அந்த மந்திரம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பொய்யாக இருந்தால்கூடப் பரவாயில்லை, ஓராண்டில் விட்டிருப்பார்கள். அது பலிக்கிறது, அதுதான் வினை.

வினை எப்படி விளைந்தது என்பதற்கு என் கடைக்கதை ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் அக்காவுக்கு உடம்பு சரியில்லை. கடையை அடைத்துவிட்டுப் போக வேண்டிய நிலை. வருகிறவர்களெல்லாம் ஆங்கிலம் பயில்கிறவர்கள் ஆயிற்றே, அவர்கள் மொழியிலேயே சொல்வோம் என்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஓர் அட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிட்டேன். இன்று கடை திறக்காது, நாளை காலை வருகிறேன், மன்னிக்கவும், அவ்வளவுதான் செய்தி. மறுநாள் வந்து பார்க்கிறேன். அட்டை முழுக்கச் சிவப்பு மை. இங்கே ஒரு சொல் தவறாம். அங்கே ஒரு காலம் பிசகாம். இந்த வரி முன்னால் வர வேண்டுமாம், அந்த வரி பின்னால் போக வேண்டுமாம். கடைசியில் மதிப்பெண்ணும் போட்டுக் கையெழுத்தும் இட்டிருக்கிறார்கள். தேறவில்லை நான்.

அது போகட்டும், திருத்தியது நல்லதுதான் என்று கதவைத் திறக்கிறேன். திருத்திய அதே கூட்டம் வந்து என்னைச் சூழ்ந்துகொண்டது. "என்னண்ணே நீங்க, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா? நேத்து முழுக்கக் கதவைத் தட்டிட்டு நின்னோம்."

பின்வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்காமல் குனிந்துகொண்டிருக்கிறார். அவரை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். கட்டம் போட்ட சட்டை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

என்ன சார்? கையைக் காட்டுகிறீர்கள். முடிக்கவா? ஓ, இன்னும் வரவில்லையா. தொடரச் சொல்கிறார். நல்லது, தொடர்கிறேன். வராதவரைப் பற்றியே தொடர்கிறேன்.

இன்றைய சிறப்பு விருந்தினர் யார்? இந்த மையத்தின் மணிமகுடம். ஆங்கிலத்தில் ஒரு மதிப்பெண்ணும் சிந்தாமல் எடுத்து வென்றவர். அன்று முதல் அவர் பெயரை அவர் வீட்டாரே மறந்துவிட்டார்கள். எல்லாருக்கும் அவர் 'நூத்துக்கு நூறு'. இன்றைக்கு மின்சார அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் பணி. மக்கள் தொலைபேசியில் சொல்வதைக் கேட்டு, இது இன்ன புகார் என்று கணினியில் பதிய வேண்டும். பொறுப்பான பணி. அதை அவர் எப்படிச் செய்கிறார் என்பதை என் அக்கா அனுபவத்தில் அறிந்தாள். அதோ, தாய்மார்கள் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் என் அக்கா. எழுந்து நிற்க வேண்டாம் அக்கா, சும்மா உட்காரு.

மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம். பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் அவளுடைய தையல் கடை. கடைக்கு நேர் எதிரே மின்கம்பி அறுந்து, தேங்கிய தண்ணீரில் விழுந்து கிடக்கிறது. பள்ளி விடுகிற நேரம். அக்கா தொலைபேசியை எடுத்தாள். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், வரி வரியாகக் கேளுங்கள்.

"வணக்கம் சார், நான் பள்ளிக்கூடத்துப் பின்தெரு தையல் கடையில இருந்து பேசறேன். இங்க கரண்ட் கம்பி அறுந்து ரோட்டுல தண்ணிக்குள்ள கிடக்குது. பள்ளிக்கூடம் விடப் போறாங்க சார், பிள்ளைங்க இந்தப் பக்கமாத்தான் வரும், சீக்கிரம் கரண்டை நிறுத்துங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ரொம்ப நன்றி சார்."

நல்ல பத்தி. வெட்டாத பத்தி. வரிசை மாறாத பத்தி. நம் நூத்துக்கு நூறு என்ன செய்தார்? பயின்றதைச் செய்தார். பழகியதைச் செய்தார். முதல் வரியைப் பிடித்தார்: வணக்கம். கடைசி வரியைப் பிடித்தார்: நன்றி. நடு வரிக்கு அவர் காது பழக்கப்படவில்லை. அக்காவின் கைபேசிக்கு உடனே ஒரு செய்தி வந்தது. "தங்கள் பாராட்டு பதிவு செய்யப்பட்டது. தங்கள் மனநிறைவே எங்கள் மகிழ்ச்சி."

அக்கா பதறிப்போய் மறுபடியும் அழைத்தாள். அவரே எடுத்தார். அப்போது அவர் சொன்ன சொல்லை நான் என் கடைசிக் காலம் வரை மறக்கப் போவதில்லை. "அம்மா, உங்க பாராட்டு ஏற்கெனவே பதிவாயிருச்சு. ஒரே பாராட்டை ரெண்டு தடவை பதிய முடியாதும்மா."

சிரிக்கிறீர்கள். நானும் முதலில் கேட்டபோது சிரித்தேன். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. துணி வெட்டுகிற மேசையைத் தனியாளாக இழுத்து வந்து தெருவை மறித்திருக்கிறாள். கடைப் படியில் ஏறி நின்றுகொண்டு, மணி அடித்து வெளியே ஓடி வந்த பிள்ளைகளைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். "இந்தப் பக்கம் வராதீங்கடா கண்ணுங்களா, சுத்திப் போங்க, சுத்திப் போங்க." வேலை முடிந்து அந்த வழியாக வீட்டுக்குப் போன மின் ஊழியர் ஒருவர் தற்செயலாகப் பார்த்து மின்சாரத்தை நிறுத்தும் வரைக்கும் கத்தியிருக்கிறாள். தொண்டை கட்டிப்போனது. ஒரு வாரம் அவளுடைய வாடிக்கையாளர்கள் ஜாடையில் அளவு கொடுத்தார்கள்.

எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று அலுவலகத்தில் யாரும் விசாரிக்கவும் இல்லை. விசாரிக்க என்ன இருக்கிறது? அங்கே பதிவாகியிருப்பது பாராட்டு. வணக்கத்தில் தொடங்கி நன்றியில் முடிக்கும் நல்ல மனிதர்கள் நம்மில் ஏராளம். அத்தனை பேருடைய அழுகையும் பாராட்டாகவே பதிவாகி, இந்த ஆண்டில் மக்களின் பாராட்டை அதிகம் பெற்ற ஊழியர் என்ற விருது யாருக்குக் கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்? ஆம். அதற்காகத்தான் இன்று அவருக்கு இந்த மேடையில் பாராட்டு விழா. பாராட்டுக்கே ஒரு பாராட்டு.

எனக்குக் கோபம் வருகிறது பெரியோர்களே. வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தாலும் இதைச் சொல்லும்போது கோபம் வருகிறது. அவர் கெட்டவர் அல்லர். சோம்பேறியும் அல்லர். அவருக்குக் கேட்கத் தெரியாமல் போகவில்லை, கேட்காமல் இருக்கப் பயிற்சி கொடுத்தோம். பயிற்சி கொடுத்துப் பரிசும் கொடுத்தோம். பரிசு கொடுத்துப் பதவியும் கொடுத்தோம். பதவியில் இருப்பவரிடம் போய், கொஞ்சம் நடுவிலும் கேளுங்கள் ஐயா என்றால், அது அவருக்கு எப்படி விளங்கும்? அந்த வேண்டுகோளும் நடுவில்தானே வரும்?

ஒரு நிமிடம். சார் கைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். விருந்தினர் கிடைத்துவிட்டாராம். எங்கே இருக்கிறார்? பூட்டிய பயிற்சி மையத்தின் வாசலில் நின்றுகொண்டு, ஏன் இன்னும் திறக்கவில்லை என்று கேட்கிறாராம். தாய்மார்களே, உங்கள் கையில் அழைப்பிதழ் இருந்தால் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். முதல் வரியில் என்ன இருக்கிறது? பயிற்சி மையத்தின் பெயர். கடைசி வரியில் என்ன இருக்கிறது? அனைவரும் வருக. விழா நடக்கும் மண்டபத்தின் பெயர் எங்கே இருக்கிறது? நான் வாய் திறக்கவில்லை, நீங்களே சொல்லுங்கள்.

தலைவர் அவர்களும் கண் திறந்து சிரித்துவிட்டார். விழா வெற்றி.

அடடே, வாருங்கள் ஐயா. மண்டபத்தின் காவலாளி மேடைக்கே வந்து என் காதில் ஏதோ சொல்கிறார். அப்படியா. எப்போது. சரி, நான் சொல்லிவிடுகிறேன் ஐயா, நீங்கள் போங்கள்.

அன்புக்குரிய மாணவச் செல்வங்களே, காவலாளி ஐயா இப்போது என் காதில் சொன்ன செய்தியையே உங்களுக்கு ஒரு பயிற்சியாகத் தரப் போகிறேன். நான்கு வாக்கியங்கள். கலைத்துச் சொல்வேன். வரிசைப்படுத்த வேண்டும். தமிழில்தான் சொல்வேன், உங்கள் மந்திரம் எந்த மொழிக்கும் பலிக்கும். தயாரா?

பி: ஆகவே, ஒரு வண்டியையும் விடப் போவதில்லை என்கிறார்கள்.

க்யூ: இந்த மண்டபத்தின் வாசலில் வண்டி நிறுத்தக் கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு பலகை இருக்கிறது.

ஆர்: இப்போது அவற்றைத் தூக்கிப் போகக் கொக்கி வண்டியோடு ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

எஸ்: அதைப் படிக்காமல் நாமெல்லாம் அங்கேயே வரிசையாக வண்டிகளை நிறுத்தியிருக்கிறோம்.

சொல்லுங்கள். ஆகா. க்யூ, எஸ், ஆர், பி. மண்டபமே அதிர்கிறது. ஒரே குரல், ஒரே மூச்சு, ஒரே விடை. நான் வாக்கியத்தை முடிக்கும் முன்பே முன்வரிசையில் பாதிப் பேர் முடித்துவிட்டார்கள். முற்றிலும் சரியான விடை. அனைவருக்கும் முழு மதிப்பெண். சார், நீங்களும் பெருமையோடு தலையசைக்கிறீர்கள், உங்கள் புதுக் கார்கூட அந்த வரிசையில்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

யாராவது எழுந்திருப்பீர்களா என்று பார்க்கிறேன். இல்லை. அடுத்த கேள்விக்காகக் காத்திருக்கிறீர்கள்.

ஒரே ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில். என் அக்காள் மகள் வாசலைப் பார்த்து ஓடுகிறாள். அவள் விடை சொல்லவில்லை, நான் கவனித்தேன். வாய் திறக்கவே இல்லை. கட்டம் போட்ட சட்டைக்காரர் சொல்கிறார், "விடை தெரியாம ஓடுது பாரு" என்று. ஆமாம் தம்பி. அவளுக்கு விடை தெரியவில்லை. விஷயம்தான் தெரிந்தது.

இப்போது எழுந்திருக்கிறீர்கள். இப்போது ஓடுகிறீர்கள். சார், பார்த்து, மைக்கின் கம்பி காலில் சிக்கப் போகிறது. வாசலில் நெரிசல் வேண்டாம், தயவுசெய்து உட்காருங்கள். ஒருத்தி போயிருக்கிறாள், அவள் முழுசாகப் பார்த்துவிட்டு வருவாள். கொக்கி வண்டிக்காரர்கள் ஓடிப்போய்விட மாட்டார்கள், அவர்கள் மெதுவாகத்தான் போவார்கள், உங்கள் வண்டி பின்னால் தொங்குகிறதல்லவா.

உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், நின்றுகொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். தேர்வு எழுதுங்கள். இலக்கணம் பயிலுங்கள். வாக்கியத்தை அடுக்குங்கள். வெல்லுங்கள், வேலைக்குப் போங்கள், பெற்றவர்கள் முகத்தில் வெளிச்சத்தைக் கொண்டுவாருங்கள். ஆனால் நாற்காலியில் போய் அமர்ந்த அந்த நாளில் இருந்து உங்கள் முன்னால் வந்து நிற்கிறவர்கள் பி, க்யூ, ஆர், எஸ் என்று வர மாட்டார்கள். அழுதுகொண்டு வருவார்கள். ஆரம்பத்தைக் கடைசியில் சொல்வார்கள். தயங்கித் தயங்கிப் பேசி, சொல்ல வந்ததை எங்கோ நடுவில் போட்டுவிட்டுப் போவார்கள். கடன் கேட்க வந்தவன் உங்கள் பிள்ளை குட்டிகளை விசாரித்துத்தான் தொடங்குவான். வலி என்று வந்தவள் வெயிலைப் பற்றித்தான் முதலில் பேசுவாள். நாலு பேருக்கு முன்னால் நம் மனிதர்கள் எதையும் நடுவில்தான் வைப்பார்கள். அந்த நடு வரியைக் கேட்கிற காது வேண்டாமா? அந்த நடு வரியைப் படிக்கிற கண் வேண்டாமா? அப்படி ஒரு கண்ணோடு ஒருத்தி வந்தால், மெதுவாகப் படிக்கிறாய் என்று அவளை மத்தியான வகுப்புக்கு அனுப்புவதா?

வந்துவிட்டாள். வழி விடுங்கள். மேலே வாம்மா. மூச்சு வாங்குகிறது பிள்ளைக்கு. இந்தா, இந்த மைக்கில் சொல், எல்லாரும் கேட்கட்டும்.

"வண்டி தூக்கறவங்க அந்தப் பலகையைக் காட்டினாங்க. மேல நிறுத்தக் கூடாதுன்னு இருக்கு, கீழ மீறினா தூக்கிட்டுப் போவோம்னு இருக்கு. நடுவுல சின்ன எழுத்துல ஒரு வரி இருந்துச்சு. விழா நடக்கற நாள்ல மண்டபத்துக்கு வர்றவங்க மட்டும் நிறுத்தலாம்னு. அதைப் படிச்சுக் காட்டினேன். அவங்களும் அதை இதுவரைக்கும் படிச்சதே இல்லையாம். சார் காரைக் கொக்கியில மாட்டிட்டாங்க, அதை இறக்கி விட்டுட்டாங்க. ஆனா நான் போறதுக்கு முன்னாடியே..."

கை தட்டுங்கள். இன்னும் பலமாகத் தட்டுங்கள். கூரை அதிரட்டும். அக்கா, பார்த்தாயா உன் மகளை? பலகையை வைத்தவர் படிக்கவில்லை, பலகையைக் காட்டி மிரட்டியவர் படிக்கவில்லை, பலகைக்குக் கீழே வண்டியை நிறுத்திய நாம் ஒருவரும் படிக்கவில்லை. நானும்தான் படிக்கவில்லை. நிறுத்தியது குற்றம் என்று என் கேள்வியிலேயே சொன்னேன், அதுவும் தப்பு. படித்தவள் ஒருத்தி, அவள் கடைசி வரிசையில் இருக்கிறாள். சார், இதோ நிற்கிறாள். சபை அறியக் கேட்கிறேன், முதல் அணியா, மத்தியானமா?

சார் எழுந்து வருகிறார். அவளிடம் ஏதோ கேட்கிறார். மைக்கில் கேளுங்கள் சார்.

"அந்தப் பலகையைப் படிக்க எவ்வளவு நேரம் ஆச்சும்மா?"

"உங்க கார் கீழ இறங்கற வரைக்கும் படிச்சேன் சார்."

சார் காரின் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். "முதல் அணியிலயே உக்காரட்டும்" என்கிறார். இந்தச் சபை சாட்சி. தலைவர் அவர்கள் சாட்சி, விழித்திருக்கிறார். அக்கா, கண்ணைத் துடை. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு நேரம் நின்று தொண்டை கிழியப் பேசினேன். என் காரியம் முடிந்தது. இனி விருந்தினர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

என்னம்மா? என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாய். பேசி முடித்துவிட்டாயே?

"முடிக்கலை மாமா. சொல்லிட்டிருக்கும்போதே நீங்க கை தட்டச் சொல்லிட்டீங்க. நான் போறதுக்கு முன்னாடியே ஒரு வண்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. வாசலை ஒட்டி முதல்ல நின்னுச்சே, அது."

வாசலை ஒட்டி முதலில் நின்ற வண்டியா?

"உங்க ஸ்கூட்டர், மாமா."

சிரியுங்கள் பெரியோர்களே. நன்றாகச் சிரியுங்கள், எனக்கு வேண்டியதுதான். காவலாளி ஐயா காதில் சொன்னவுடன் இறங்கி ஓடியிருக்க வேண்டியவன், கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டு நின்றேன். அவள் முதலில் சொன்னதைக் கேட்டேன், கார் இறங்கியதைக் கேட்டேன், மிச்சம் இருந்த அரை வரியைக் கேட்கவில்லை. முதல் அணிக்கு நானும் தகுதியானவன்தான் சார்.

எதையாவது பேசு என்று மைக்கைக் கொடுத்த சாருக்கும், உறங்கியும் விழித்தும் தலைமை தாங்கிய தலைவர் அவர்களுக்கும், தொண்டை கட்டும் வரை கத்தி ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றி எந்தப் பதிவேட்டிலும் ஏறாத என் அக்காவுக்கும், முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே பொறுமையாக அமர்ந்திருந்த நடு வரிசைக்காரர்களுக்கும் என் நன்றி. யாராவது வீட்டுக்குப் போகிற வழியில் என்னையும் பின்னால் ஏற்றிக்கொள்ளுங்கள். என் வீடு மின்சார அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் இருக்கிறது. நடுவில் என்று சொன்னேன், கேட்டதல்லவா? வணக்கம்.